நுரை பிச்சமுத்து

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ரத்தினவேல் நடத்திவந்த சலூனில் மூன்று நாற்காலிகள். மூன்றும் ரத்தினவேலுக்குச் சொந்தம். நடு நாற்காலிக்குப் பின்னால் பதினேழு வருஷம் நின்று சவரம் செய்தவர் பிச்சமுத்து. அந்தப் பேரில் கடைத்தெருவில் மட்டும் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் ‘நுரை பிச்சமுத்து’ என்று சொன்னால்தான் இவரைத் தெரியும்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. பித்தளைக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி தண்ணீர் விடுவார். பிரஷை நனைத்து ஓர் உதறு உதறி, சோப்பின் மேல் பத்துச் சுற்று சுற்றுவார். பதினோராவது சுற்று கிடையாது. பிறகு கிண்ணத்தில் அடிப்பார். மணிக்கட்டு மட்டும் ஆடும், தோள் அசையாது. அடிக்க அடிக்க நுரை பொங்கி, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி, இப்போதுதான் பறித்துக் குவித்த மல்லிகை மாதிரி நிற்கும். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாலும் ஒரு பொட்டு கீழே விழாது. அந்த நுரையைக் கன்னத்தில் பூசினால் முள்ளுத் தாடியும் வெண்டைக்காய் மாதிரி இளகிவிடும். கத்தி போவதே தெரியாது. காந்தி மார்க்கெட் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் வாரம் இரண்டு தடவை வந்து, நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டுப் போவார். ஸ்ரீரங்கத்தில் இருந்து பாலம் தாண்டி பஸ் பிடித்து வருகிறவர்கள்கூட, “நடு நாற்காலி காலியாகட்டும்” என்று பெஞ்சில் காத்திருப்பார்கள்.

ரத்தினவேலுக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் புகைச்சல்.

“நாற்காலி என்னுது, சோப்பு என்னுது, குழாய்த் தண்ணியும் என்னுது. நுரைக்கு மட்டும் உன் பேரா?” என்பார்.

“தண்ணி காவேரியுதுண்ணே” என்று பிச்சமுத்து சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படிச் சொன்னாரே தவிர, அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவருக்கே அப்போது தெரியாது. நுரை தன் மணிக்கட்டில் இருக்கிறது என்றுதான் நம்பியிருந்தார். ரெங்கன் கொடுத்த வரம் என்று நினைத்து, வேலைக்கு நிற்கும் முன் ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். கூடவே ஒரு வேண்டுதலும் உண்டு. தனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும். சொந்தமாக ஒரே ஒரு நாற்காலி. அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு வயது முடிந்திருந்தது. பிள்ளை இல்லாத வீடு. அவரும் மனைவி பாப்பாயியும்தான்.

ரெங்கராஜ் என்று ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன். மீசை அரும்பிய நாளில் முதல் சவரம் பிச்சமுத்துவிடம்தான். அவனுக்கு 1964-இல், திருவெறும்பூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலையின் காலனி ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகத்தில் நுரையோடு கண்ணை மூடியபடியே அவன் பேச்சை எடுத்தான்.

“அண்ணே, கைலாசபுரத்துல வரிசை வரிசையா வீடு கட்டுறாங்க. கடைங்களும் வருது. அதுல ஒரு கடை சலூனுக்குன்னு ஒதுக்கப் போறாங்க. நீங்க இப்பவே வந்து ரோட்டோரமா ஒரு கொட்டகை போட்டு ஜனங்களைப் பழக்கம் பண்ணிக்கிட்டீங்கன்னா, கடை உங்களுக்குத்தான். குடியிருக்கிறவங்க யாரைக் கேக்குறாங்களோ அவங்களுக்குத்தான் குடுப்பாங்க.”

“எனக்கா தம்பி?”

“பின்ன? உங்க நுரைக்கு ஒரு தடவை கன்னத்தைக் காட்டினவன் வேற எடத்துக்குப் போவானா?”

பிச்சமுத்துவின் கை நின்றது. கத்தியை எடுத்துத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார்.

சொல்லிக்கொண்டு கிளம்பியபோது ரத்தினவேல் கணக்காகத்தான் பேசினார். “திரும்பி வர்ற யோசனை இருந்தா இப்பவே சொல்லிடு பிச்சமுத்து. நடு நாற்காலி ஒரு நாள் காலியா கெடக்காது.”

“வர மாட்டேண்ணே” என்றார் பிச்சமுத்து. அதைச் சொல்லும்போது அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்ததோ!

பாப்பாயியின் தோடு பாலக்கரையில் ஒரு பழைய நாற்காலியாக மாறியது. தலை சாய்க்கும் திண்டு வைத்த மர நாற்காலி. காலனிக்கு வெளியே ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு, பின்னாலேயே குடிசையும் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் பாறையை உடைத்து வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. வாயில் வைத்தால்தான் நாக்கில் ஒரு கரிப்புத் தெரியும்.

முதல் நாளே பாப்பாயி அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள்.

“ஏங்க, ரெண்டு மணி நேரமா எரிக்கிறேன். பருப்பு வேகவே மாட்டேங்குது. இது உப்புத் தண்ணிங்க.”

“நான் என்ன கன்னத்தையா வேகவைக்கப் போறேன்? சவரத்துக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?”

மறுநாள் கட்டட மேஸ்திரி ஒருவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். பிச்சமுத்து ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பிரஷை நனைத்தார். பத்துச் சுற்று சுற்றினார். அடித்தார். நுரை எழுவதுபோல் எழுந்து, சரசரவென்று அடங்கிவிட்டது. கிண்ணத்தின் அடியில் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக ஏதோ மிதந்தது. இன்னும் பத்துச் சுற்று சுற்றினார். திட்டு அதிகமானதே தவிர நுரை நிற்கவில்லை. இருந்ததைப் பூசினார். கத்தியை வைப்பதற்குள் கன்னம் காய்ந்துபோனது. கத்தி வழுக்கவில்லை, பிறாண்டியது.

“ஏய்யா, தென்னைமட்டையில வழிக்கிறியா?” என்றார் மேஸ்திரி. தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம் புள்ளி வைத்தது.

பிச்சமுத்து முதலில் சோப்பைச் சந்தேகப்பட்டார். போலி என்று நினைத்து வேறு கம்பெனி சோப்பு வாங்கினார். அதுவும் திரிந்தது. பிரஷின் மயிர் விறைத்துக் கொண்டது, பிரஷை மாற்றினார். ஒரு மாதம் வரவேண்டிய சோப்பு ஒரு வாரத்தில் கரைந்தது. கத்தியை எவ்வளவு தீட்டினாலும் அதில் வெள்ளையாக ஒரு பசை ஒட்டிக்கொண்டது. கடைசியில், யாரும் இல்லாத நேரத்தில் தன் வலது மணிக்கட்டையே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினேழு வருஷம் பேர் வாங்கிக் கொடுத்த கை. ரெங்கன் கொடுத்ததை ரெங்கனே எடுத்துக்கொண்டானோ? சொந்த நாற்காலி கேட்டது பேராசையோ? அப்படியெல்லாம் அவர் மனசு போனது.

ரெங்கராஜும் வந்து உட்கார்ந்தான். சவரம் முடிந்ததும் கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்கிற பையன், அன்றைக்கு, “புது எடம்ணே. போகப் போகச் சரியாயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நுரை தண்ணீரால்தான் கெட்டது என்று அவருக்குப் புரிந்தது எப்படி என்றால், ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் போனபோது பழக்கதோஷத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொண்டார். நுரை பொங்கி வழிந்தது! படித்துறையில் உட்கார்ந்தபடியே கண் கலங்கிவிட்டார். கை போகவில்லை. தண்ணீர்தான் சதி செய்திருக்கிறது.

மறுநாளில் இருந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி, அதில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை தண்ணீர் தளும்பி ஒரு அம்மாளின் சேலை நனைந்தது.

“பெரியவரே, ஆடிப்பெருக்கு முடிஞ்சு போச்சு. இன்னும் காவேரியை என் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறீங்களே!” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பஸ்ஸே சிரித்தது. “டின்னை எறக்குங்க. இல்ல, நீங்களும் சேர்ந்து எறங்குங்க.”

டின்னோடு இறங்கி, பாதி வழியில் நின்றார். சுமந்துகொண்டு நடக்கிற தூரமா அது?

பாப்பாயி ஒரு வழி சொன்னாள். “நான் இப்பல்லாம் ராத்திரியே தண்ணியைக் கொதிக்க வச்சு எறக்கி வச்சிடுறேங்க. பானை அடியில சுண்ணாம்பு மாதிரி படியுது. மேலாகத் தெளிஞ்ச தண்ணியை எடுத்தா பருப்பு வேகுது. நீங்களும் அப்படிச் செஞ்சு பாருங்களேன்.”

பிச்சமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வெந்நி வச்சு நுரை அடிக்கிறவன் கையாலாகாதவன்னு எங்கப்பா சொல்லுவார். பருப்பும் சவரமும் ஒண்ணா? போ, உன் வேலையைப் பாரு.” அவர்கள் தொழிலில் அப்படி ஒரு வீம்பு உண்டு. நோயாளிக்கும் குளிர்காலத்துக்கும்தான் வெந்நீர். நல்ல கைக்குப் பச்சைத் தண்ணீர் போதும். பாப்பாயி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதே கிணற்றில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவன் மதுரைவீரன். காலனி வீடுகளுக்குத் துணி எடுப்பவன். பிச்சமுத்து கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் அவனே வந்தான்.

“அண்ணே, என்னமோ புள்ளையைப் பறிகொடுத்தவரு மாதிரி உக்காந்திருக்கீங்க. நுரைதானே? நான் என்ன பண்றேன் பாருங்க.” இடுப்பில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். துணி வெளுக்கப் போடுகிற சலவைக்காரம். வெள்ளைத் தூள். “இந்தத் தண்ணிக்கு இதான் மருந்து. முதல்ல காரம், அப்புறம் சோப்பு. இது இல்லாம இந்தக் கெணத்துல ஒரு துண்டுகூட வெளுக்க முடியாது.”

“அது துணிக்கு. மூஞ்சிக்கு ஆவுமாய்யா?”

“மூஞ்சின்னா ஒரு சிட்டிகை. துணின்னா ஒரு கை. அவ்வளவுதான் வித்தியாசம்.”

செம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, கலக்கி, வெண்மையாக அடியில் இறங்கும் வரைக்கும் விட்டுவைத்து, பிரஷை நனைத்தார் பிச்சமுத்து. ஒரு சிட்டிகைக்கு அசையவில்லை. மூன்று சிட்டிகை போட்டதும் நுரை எழுந்தது. சத்திரத்து நுரை இல்லைதான். ஆனாலும் நுரை. நின்றது. தன் கன்னத்தில் போட்டுப் பார்த்தார். லேசாகக் குறுகுறுத்தது. தேங்காயெண்ணெய் தடவியதும் அடங்கிவிட்டது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்கு வெளியே இரண்டு பேர், மூன்று பேர் நின்றார்கள். தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “கொஞ்சம் இருங்க, இதோ ஆயிடுச்சு” என்று வெளியே பார்த்துச் சொல்வது அவருக்கு அமிர்தமாக இருந்தது. ஆனால் ஒன்று. பழைய நிம்மதி போய்விட்டது. ஒவ்வொரு தடவை பிரஷை நனைக்கும்போதும் அதே கேள்விதான். எழுமா, எழாதா? கை தானாகப் பொட்டலத்துக்குப் போகும். மூன்று சிட்டிகை. எண்ணிப் போடுவார். அப்புறம்தான் மூச்சே விடுவார்.

கார்த்திகையில் ரெங்கராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனே கொட்டகைக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்தான்.

“மாப்பிள்ளை சவரம் நீங்கதாண்ணே பண்ணணும். எங்க ஆபீசரும் கல்யாணத்துக்கு வரார். தை மாசம் கடை ஒதுக்குறப்ப அவரு கையெழுத்துதான். அங்கேயே வச்சு உங்களைக் காட்டிடறேன்.”

“தம்பி, நீங்க நல்லா இருக்கணும்” என்றார் பிச்சமுத்து.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் காவேரியில் குளித்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜின் வீட்டுக்குப் போனார். கூடத்தில் கோலம் போட்டு மணையில் மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் முப்பது பேருக்குக் குறையாமல் உறவு ஜனம். அத்தைக்காரி ரெங்கம்மாள்தான் அங்கே அதிகாரம்.

“ஏம்ப்பா, நீதான் நுரைக்காரனா? எங்க புள்ள ஒரு வருஷமா உன் பேரைத்தான் சொல்றான். இன்னிக்குப் பார்த்துடுவோம். நுரை நிக்கலேன்னா வேட்டி கெடையாது, ஆமா!”

எல்லாரும் சிரித்தார்கள். பிச்சமுத்துவும் சிரித்தார். ஆனால் அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். நிக்கலேன்னா.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் ஒரு பெண். காலையில் ஆற்றில் இருந்து எடுத்துவந்த தண்ணீர். அது காவேரித் தண்ணீர் என்று பிச்சமுத்துவுக்குத் தெரியும். அதில் பத்துச் சுற்றுச் சுற்றினால் போதும் என்றும் தெரியும். பதினேழு வருஷம் வேறு என்ன செய்தார்? ஆனால் முப்பது ஜோடிக் கண்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. எழாமல் போய்விட்டால்? திரிந்த பால் மாதிரி திட்டு மிதந்தால்? ஆறு மாதம் அவரைப் படுத்திய பயம், பொட்டலத்துக்கே பழகிவிட்ட கை. பெட்டியைத் திறந்து, சோப்பு எடுப்பதுபோல் குனிந்து, பொட்டலத்தில் இருந்து மூன்று சிட்டிகை எடுத்துச் செம்பில் போட்டார். மனசு கேட்கவில்லை. இன்னொன்றும் போட்டார்.

நுரை எழுந்தது பாருங்கள்! அப்படி ஒரு நுரையை அவர் சத்திரத்தில்கூடப் பார்த்ததில்லை. விரலுக்கு விரல் வழவழவென்று வழுக்கியது. கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கூடம் கைதட்டியது.

“நுரைக்காரா, உனக்கு ரெண்டு வேட்டி!” என்றாள் ரெங்கம்மாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நுரை பூசிய முகத்தோடு மாப்பிள்ளையை அப்படியே உட்கார வைத்து, முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அருகம்புல்லைப் பாலில் நனைத்து நெற்றியில் வைத்து, கேலி பேசி, தட்டில் காசு போட்டுவிட்டுப் போவார்கள். கடைசி ஆள் போன பிறகுதான் கத்தியை வைக்கலாம். மாமன்மார், அத்தைமார், மச்சான்மார், எல்லாரும் முடிய அரை மணிக்கு மேல் ஆனது. நுரை காயக் காய மேலே மேலே பூசினார் பிச்சமுத்து.

“அண்ணே, எரியுதுண்ணே” என்றான் ரெங்கராஜ், உதட்டை அசைக்காமல்.

“இந்த எரிச்சலுக்கே இப்படியா? நாளைக்கு ஒருத்தி வந்து எரிப்பா, அப்ப என்ன பண்ணுவே?” என்றாள் அத்தை. கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

மயிர் போகும் போக்குக்கு எதிராக ஒரு தடவையும் சேர்த்து, இரண்டு தடவை வழித்தார். கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. படிகாரம் தேய்த்தபோது ரெங்கராஜ் மணையைவிட்டே எழுந்துவிட்டான். முகம் பளபளவென்று சிவந்திருந்தது. கல்யாணக் களை என்றார்கள்.

மறுநாள் முகூர்த்தத்துக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனார் பிச்சமுத்து. பாப்பாயிதான் மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தாள். “ஆபீசர் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க. நல்லா பதில் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினாள். கல்யாண வீட்டு வாசலில் கால் வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மேளம் இருந்தது, பேச்சு தணிந்திருந்தது.

மணவறையில் ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் வீங்கி, தாடையிலும் கழுத்திலும் தோல் வெந்து, நீர் கோத்துப் பளபளத்தது. மேலே சந்தனத்தைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். அதையும் மீறிக் கசிந்தது. பெண் வீட்டாரில் ஒரு கிழவர், “பையனுக்குத் தோல் வியாதி ஏதும் இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க” என்று கேட்டுவிட்டாராம். இல்லை என்று பெரியவர்கள் சத்தியம் பண்ணித்தான் பெண்ணை அழைத்துவந்தார்களாம்.

ரெங்கம்மாள் அவரைப் பார்த்துவிட்டாள்.

“வாய்யா. வா, வந்து பாரு. நேத்து கைதட்டினோமே, அதுக்கு நீ குடுத்த கூலியைப் பாரு. பொண்ணு நிமிந்து பார்க்க மாட்டேங்குறா. போட்டோக்காரன் பக்கவாட்டுல நின்னுக்கிட்டு எப்படி எடுக்குறதுன்னு தெரியாம முழிக்கிறான்.”

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் திரும்பி, விரல் நீட்டி, பிச்சமுத்துவைக் காட்டினார். அவர்தான் ஆபீசர். ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாலி கட்டி முடிந்து, சடங்குகளுக்கு நடுவே, ரெங்கராஜ் அவரைக் கண்ணால் கூப்பிட்டான். திட்டுவான் என்றுதான் கிட்டே போனார். ரெண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

“அண்ணே, சாப்பிட்டுப் போங்க” என்றான் அவன். வாய் திறக்கும்போது தோல் இழுத்து, கண்ணில் நீர் வந்தது. “என்ன போட்டீங்கண்ணே?”

பிச்சமுத்து சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ரெங்கராஜ் மணப்பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிச்சமுத்து சாப்பிடவில்லை.

மதுரைவீரன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஆத்துத் தண்ணியிலயா போட்டீங்க? ஐயோ அண்ணே! இந்தக் கெணத்துத் தண்ணியில உப்பு கெடக்கு, அது காரத்தைத் தின்னுடும். ஆத்துத் தண்ணியில தின்ன என்ன இருக்கு? போட்டது போட்டபடி நின்னுருக்கு. அதான் மூஞ்சியைத் தின்னுடுச்சு. எங்க சனம் ஆத்துத் துறையில துவைக்கிறப்ப காரத்தைப் பாதியாக் கொறைச்சுடுவோம். சின்னப் புள்ளைக்கும் தெரியுமே இது.”

“நீ சொல்லலையேப்பா.”

“நீங்க காவேரிக்கே மருந்து போடுவீங்கன்னு நான் கண்டேனா?”

காலனியில் செய்தி பரவ எத்தனை நாள் வேண்டும்? “மாப்பிள்ளை மூஞ்சியை வெளுத்துப் போட்டவரு” என்று பேர் வந்துவிட்டது. அதுவரை கன்னத்தில் குறுகுறுப்பு இருந்தும் பேசாமல் இருந்தவர்கள்கூட, “எனக்கும் எரிஞ்சுதுப்பா, நான்தான் வெயிலுன்னு நெனச்சேன்” என்றார்கள். பிச்சமுத்து பொட்டலத்தைத் தூக்கி எறிந்தார். எறிந்த பிறகு நுரையும் இல்லை, ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. கடை பாலக்கரை செபஸ்தியானுக்கு ஒதுக்கப்பட்டது. பிச்சமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். கை சுமார்தான் என்று தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கடை திறந்த வாரம் பிச்சமுத்து அந்தப் பக்கம் போனார். உள்ளே போகிற எண்ணம் இல்லை. செபஸ்தியான்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“வாங்கண்ணே, வாங்க. உங்களை மாதிரி ஆளுங்க காலு படணும்.”

உள்ளே ஒருவருக்கு அவர் அடித்துவைத்திருந்த நுரை நன்றாக நின்றது. பிச்சமுத்து கிண்ணத்தையே பார்த்தார். “தண்ணி எங்கேருந்து?”

“அதே கெணறுதாண்ணே. கொதிக்க வச்சு எறக்கிடுவேன். கசடு அடியில தங்கிடும். ஆறினதும் மேலாக எடுத்துக்குவேன். எங்க வீட்டுல சொன்னாங்க. பருப்புக்கு அவங்க அப்படித்தான் செய்வாங்களாம். நமக்கென்ன, சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்.”

பிச்சமுத்து, “நல்லது தம்பி, நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து இதைப் பாப்பாயியிடம் சொன்னார். மறைக்கவில்லை. அவள் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “உம்” என்றாள். அந்த ஒரு ‘உம்’முக்குப் பதில் அவள் நாலு வசவு வைதிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

சத்திரத்துக்கும் போய்ப் பார்த்தார். நடு நாற்காலியில் வேறு ஒருவர். ரத்தினவேல் காப்பி வாங்கிக் கொடுத்தார். “ஸ்ரீரங்கத்து ஆளுங்க வர்ற கடை பிச்சமுத்து. அந்தக் கல்யாணத்தை எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு” என்றார். அவரைச் சொல்லியும் குற்றம் இல்லை.

நாற்காலியைச் செபஸ்தியானே வாங்கிக்கொண்டார். இரண்டாவது நாற்காலி அவருக்குத் தேவைப்பட்டது. வண்டியில் ஏற்றும்போது அதன் தலைத் திண்டை ஒரு தடவை தட்டித் தூசி துடைத்துக் கொடுத்தார் பிச்சமுத்து.

பாப்பாயியின் அண்ணன் வீடு தொட்டியத்தில். 1966 மாசியில் இரண்டு பேரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காவேரிக் கரை ஊர். கைநீட்டினால் தண்ணீர். பாலாய் இனிக்கிற தண்ணீர். அதில் எப்படிப்பட்ட நுரை வரும் என்று பிச்சமுத்துவுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் அங்கே அவரிடம் வந்தவர்கள் எல்லாம் வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர்கள். தார் வெட்டி, சுமந்து, லாரிக்கு ஏற்றிவிட்டு, கிடைக்கிற இடைவெளியில் ஓடிவந்து குந்துகிறவர்கள். வந்த புதிதில் ஒருவருக்குச் சோப்பை எடுத்துப் பத்துச் சுற்றுச் சுற்ற ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றிலேயே அந்த ஆள் கையைப் பிடித்துவிட்டார்.

“என்னங்க இது, நேரம் போவுது. லாரி நிக்குது. ரெண்டு கை தண்ணியை அடிச்சு வழிச்சு விடுங்க. எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

நியாயமான பேச்சு. அதன் பிறகு சோப்பை அவர் வெளியே எடுக்கவில்லை.

காலையில் எழுந்ததும் கிழக்கே ஸ்ரீரங்கத்தைப் பார்த்துக் கும்பிடுவது மட்டும் நிற்கவில்லை. கும்பிட்டுவிட்டுச் சும்மா நிற்பார். கேட்பதற்கு ஒன்றும் வாயில் வராது. தெய்வத்தின் மேல் அவருக்குக் கோபமும் இல்லை. கொடுத்த தண்ணீரை நம்பாமல் போனது தான்தான் என்று பாப்பாயியிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு ஆற்றங்கரைப் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார். அங்கே நாற்காலி கிடையாது. வருகிற ஆள் தரையில் குந்துவார். எதிரில் இவரும் குந்த வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் நாளெல்லாம் குந்தி எழுந்தால் முழங்கால் என்ன ஆகும்? சாயங்காலம் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். “அடுத்து யாருங்க?” என்று கேட்பார். வாழைக்கறை பிடித்த வேட்டியோடு ஒருவர் வந்து முகத்தை நீட்டுவார். பிச்சமுத்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, அந்த முள்ளுத் தாடையில் தேய்ப்பார். ஊறுவதற்குக்கூட விடமாட்டார்கள்.

“ம், ஆகட்டும் ஆகட்டும்” என்பார் அந்த ஆள், லாரியைப் பார்த்துக்கொண்டே.